தமிழைக் கையளிப்புக்கு முந்திய வாரத்துக்குத் தள்ளாதீர்கள்: பொதுச் சேவை இணையச் செயலிகளை அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் அரச மற்றும் பொதுச் சேவைகளுக்கான இணையச் செயலிகளை எழுதும் மென்பொருள் குழுக்களுக்கும், அவற்றுக்கான டெண்டர் ஆவணங்களான கேள்விப்பத்திரங்களைத் தயாரிக்கும் பெறுகைப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

விண்ணப்பம் அனுப்புதல், கட்டணம் செலுத்துதல், முறைப்பாடு பதிதல், சான்றிதழ் பெறுதல் என்று மக்கள் அலுவலகப் படியேறிச் செய்துவந்த காரியங்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாறிவருகின்றன. அந்த மாற்றத்தை வரவேற்பவர்களில் நானும் ஒருவன். ஆயினும் இந்தச் செயலிகளில் பல முழுமையாக ஆங்கிலத்தில் எழுதி முடிக்கப்பட்டு, நடுவழியில் சிங்களம் சேர்க்கப்பட்டு, கையளிப்புக்கு முந்திய வாரத்தில் தமிழ் ஒட்டப்படுகின்ற வழக்கத்தை இந்தத் தொழிலில் இருந்துகொண்டு தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒட்டப்பட்ட தமிழ் முகப்புப் பக்கத்தில் அழகாகத்தான் நிற்கிறது. இரண்டாவது படிவத்திலேயே கழன்று விழுந்துவிடுகிறது. பக்கங்களின் முதல் டெம்ப்ளேட் (வார்ப்புரு) எழுதப்படுகிற நாளிலேயே தமிழுக்குரிய இடம் தீர்மானிக்கப்பட வேண்டும், அதைக் கேள்விப்பத்திரமே கட்டாயமாக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

சட்ட நிலையை நீண்டு விளக்கத் தேவையில்லை. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பின்னுள்ள 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாகவும், பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியாகவும் வைத்திருப்பதுடன், ஏனைய மாகாணங்களில் வாழ்பவருக்கும் தமிழில் அரசோடு கருமமாற்றும் உரிமையைத் தருகிறது. காகிதப் படிவம் திரையாக மாறியதால் அந்த உரிமை எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை.

இனித் தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். பக்கத்தைச் சேவையகத்திலேயே (சர்வரிலேயே) ஆக்கி, உலாவி நேரே காட்டக்கூடிய முழு எச்.டி.எம்.எல். பக்கமாக அனுப்பும் செயலிகளைப் பற்றியே இங்கு பேசுகிறேன். ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ் போன்ற பிரேம்வேர்க்குகளில் (செயலி எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகங்களில்) எழுதப்படும் பொதுச் சேவைச் செயலிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. எங்களுக்கு இது மிகவும் ஏற்ற முறை என்பது என் உறுதியான எண்ணம். நெடுந்தீவில் பழைய கைத்தொலைபேசியும் மெல்லிய சிக்னலும் வைத்திருப்பவருக்கு, மொழிபெயர்ப்புக் கோப்பைத் தனியாக இறக்கி உலாவியில் ஓடவிட்டு எழுத்துகளை மாற்றுகிற செயலியைவிட, சேவையகத்திலிருந்தே தமிழாக வந்து சேருகிற பக்கம் எவ்வளவோ மேல். ஆனால் பக்கத்தை ஆக்குவது சேவையகம் என்றால், மொழியைத் தீர்மானிக்கும் பொறுப்பும் அதனுடையதே. திரையில் தெரியும் பக்கத்தோடு அந்தப் பொறுப்பு முடிவதில்லை. பிழைச்செய்தி, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பற்றுச்சீட்டு, பி.டி.எஃப். சான்றிதழ் என்று சேவையகத்தின் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அது பொருந்தும்.

மொழித் தெரிவை உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்பான குக்கியில் மட்டும் ஒளித்து வைக்காமல் பக்க முகவரியிலேயே காட்டுங்கள். முகவரியின் தொடக்கத்தில் மொழிக்குறி இருந்தால், ஒருவர் தமிழ்ப் பக்கத்தின் இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பும்போது அவருக்கும் தமிழ்ப் பக்கமே திறக்கும். தேடுபொறியும் மூன்று மொழிப் பக்கங்களையும் தனித்தனியே அறியும். உலாவி தானாக அனுப்பும் மொழி விருப்பத்தை முதல் வருகைக்கு ஓர் ஊகமாக மட்டும் கொள்ளுங்கள். இங்கே தமிழ் மட்டும் வாசிப்பவர்களின் தொலைபேசிகளிலும் அமைப்பு மொழி ஆங்கிலமாகவே இருப்பது வழமை. முகவரியில் மொழி இல்லாத செயலியில், ஒருமுறை ஆக்கிய பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கும் தருகிற கேஷ் தரும் தொல்லையும் பெரிது. சேமித்து வைத்த பக்கத்தின் திறவுகோலில் மொழி சேர்க்கப்படாவிட்டால், காலி நகரில் ஒருவர் திறந்த சிங்களப் பக்கமே அடுத்த நொடியில் பருத்தித்துறையில் தமிழைத் தெரிவுசெய்தவருக்கும் போய்ச் சேரும். இப்படியான பிழை சோதனைக் கணினியில் தோன்றுவதில்லை, கூட்டம் கூடுகிற நாளில்தான் தோன்றும்.

அதேபோன்று, ஒரு கோரிக்கைக்காக மாற்றிய மொழியை அது முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பாவிட்டால், சேவையகத்தின் அதே த்ரெட்டில் (வேலை இழையில்) வரும் அடுத்தவருக்கு முந்தியவரின் மொழி கசிந்துவிடும். நிரலின் ஒரு பகுதிக்குள் மட்டும் மொழியை மாற்றி, வெளியேறும்போது தானாகத் திருப்புகிற வசதி பிரபல பிரேம்வேர்க்குகள் பலவற்றில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் போதும். பின்னணியில் ஓடும் வேலைகள்தான் அதிகம் மறக்கப்படுபவை. இரவில் வரிசையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் நிரலுக்கு உலாவியும் இல்லை, குக்கியும் இல்லை. ஆகவே அது இயல்பு மொழியில், அதாவது ஆங்கிலத்தில், எழுதிவிடுகிறது. பயனரின் மொழியை அவருடைய பதிவிலேயே ஒரு புலமாகச் சேமித்து, கடிதம் ஆக்குவதற்கு முன் அதை நிரல் வாசிக்க வேண்டும். குறுஞ்செய்திக்கு இன்னுமொரு கணக்கும் உண்டு: ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழிலோ சிங்களத்திலோ 70 குறியீடுகளை மட்டுமே கொள்ளும், அதைத் தாண்டினால் 67 குறியீடுகள் கொண்ட துண்டுகளாகி ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் விழும். வரவுசெலவு மதிப்பீட்டில் இதற்கு இடம் ஒதுக்காத திட்டங்கள் செலவைக் கண்டதும் தமிழ்க் குறுஞ்செய்தியைத்தான் முதலில் நிறுத்துகின்றன.

சுன்னாகத்தில், எல்லோரும் கொமினிகேஷன் என்று சொல்கிற, இணைய வசதி தரும் கடையொன்றில், ஓய்வூதியம் பெறும் ஐயா ஒருவர் விண்ணப்பம் நிரப்பியதை அருகிருந்து பார்த்தேன். பக்கம் தமிழில் இருந்தது. தன் பெயரையும் தமிழிலேயே தட்டச்சுச் செய்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், பெயர் செல்லுபடியாகாது என்று சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரி வந்தது. “தம்பி, என்ர பேரில என்ன பிழை?” என்று கடைப் பையனைக் கேட்டார். பையன் பெயரை அழித்து ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டான். எல்லோரும் பழகிப்போய்விட்ட காரியம் என்பதால் அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தப் பிழையின் காரணம் மிகவும் சிறியது. அந்தப் படிவத்தின் நடத்தையைப் பார்த்தால், பெயர்ப் புலத்தில் எழுத்துகள் மட்டும் வரலாம் என்ற சரிபார்ப்பு விதி இருந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் விதி தமிழை மறுக்கும் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் எல்லா மொழி எழுத்தையும் ஏற்பதாக நினைத்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் நியமமான யூனிகோட்டின் ‘எழுத்து’ வகையைக் கொடுத்தவரும் அதே பிழையில்தான் விழுகிறார். ஏனெனில் புள்ளியும், கால், கொம்பு, விசிறி முதலான உயிர்க்குறிகளும் யூனிகோட்டில் எழுத்து வகையில் இல்லை, ‘குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றன. கமலநாதன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து; யூனிகோட்டில் எட்டுக் குறியீட்டுப் புள்ளி, அதாவது எட்டு எண்; அவற்றில் ‘நா’வின் காலும் ‘ன்’னின் புள்ளியும் குறி வகையைச் சேர்ந்தவை. அந்த எண்களைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 குறிமுறையில் அதே பெயர் 24 பைட் (சேமிப்பு அலகு). எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் விதி இந்தப் பெயரை மறுக்கும், நீளத்தைப் பைட்டில் எண்ணும் 20 அளவுப் புலம் அதை வெட்டும் அல்லது தள்ளிவிடும். புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடிப் பிடிப்பதே கடினம் என்பதால், இந்த விதி நடைமுறையில் எங்கள் எல்லோரையும் மறுக்கிறது. விதியில் ‘குறி’ வகையையும் சேர்த்துவிட்டால் தீர்ந்துவிடும். ஒரே ஒரு தமிழ்ப் பெயரை யாராவது சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

வாக்கியங்களைத் துண்டுதுண்டாக ஒட்டாதீர்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். தமிழில் அதன் விளைவு கடுமையானது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களைப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில், கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வவுனியாவில், மன்னாரில். வேற்றுமை உருபு ஒன்றுதான், ஆனால் பெயரோடு அது சேரும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு. டெம்ப்ளேட்டில் மாவட்டத்துக்கு, பெயர் பின்னர் நிரப்பப்படும் ஓர் இடங்காட்டியை வைத்து அதன் பின்னால் ‘இல்’ என்று எழுதினால், திரையில் ‘யாழ்ப்பாணம்இல்’ என்றும் ‘வவுனியாஇல்’ என்றும் வரும். பாடசாலைப் பிள்ளையும் பிழை என்று சொல்லும். ஒவ்வொரு பெயருக்கும் உருபேற்ற வடிவத்தைச் சேமிப்பது சிறிய பட்டியலுக்குச் சாத்தியம், ஆட்பெயர்களுக்குச் சாத்தியமில்லை. நல்ல வழி, பெயர் உருபேற்காமல் தனியே நிற்கும்படி வாக்கியத்தை முதலிலேயே அமைப்பதாகும்: ‘மாவட்டம்: மன்னார்’, ‘விண்ணப்பதாரர்: கமலநாதன்’ என்று. அப்படி அமைக்கும் சுதந்திரம் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்க வேண்டுமானால், வாக்கியம் முழுவதும் ஒரே சரமாக (எழுத்துத்தொடராக), பெயருள்ள இடங்காட்டிகளோடு அவரிடம் போக வேண்டும். முன்பாதி ஒரு சரம், பின்பாதி இன்னொரு சரம் என்று போனால், வினைமுற்று இறுதியில் வரும் எங்கள் மொழியில் அவர் எதையும் செய்ய முடியாது. ஒருமை, பன்மை விதிகளையும் மொழிக்கு மொழி தனியே கொடுங்கள், மொழிவாரி விதிகளைத் தொகுத்த யூனிகோட்டின் சி.எல்.டி.ஆர். தரவில் சிங்களம் சுழியத்தை ஒருமை வகையில் சேர்க்கிறது, தமிழ் சேர்ப்பதில்லை, ஆகவே சிங்கள விதியைப் படியெடுத்துத் தமிழுக்குப் போட முடியாது.

தலைப்புகளும் பொத்தான்களும் தமிழாகி, தெரிவுப் பட்டியல் மட்டும் ஆங்கிலத்தில் நிற்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். மொழிபெயர்ப்புக் கோப்பு நிரலில் உள்ளதையே திரட்டும். மாவட்டம், தொழில், ஆவண வகை போன்றவை தரவுத்தளத்தில் இருப்பவை. எந்த மொழியும் சேரக்கூடிய பொதுவான மொழிபெயர்ப்பு அட்டவணையை அமைப்பதா, மூன்று மொழிக்கும் மூன்று நெடுவரிசைகளை வைப்பதா என்று குழுக்கள் விவாதித்து நாளைக் கழிப்பதுண்டு. மொழிகள் மூன்று என்று அரசியலமைப்பே வரையறுத்துவிட்ட நாட்டில் மூன்று நெடுவரிசைகள் தாராளமாகப் போதும் என்பேன். மூன்றையும் வெறுமையாக விட முடியாதபடி கட்டாயமாக்கிவிட்டால், தமிழ்ப் பெயர் இல்லாத புதிய பதிவு எதுவும் உள்ளே வராது. தரவுத்தளத்தின் குறிமுறையையும் முதல் நாளே சரிபாருங்கள். தவறான குறிமுறையில் சேமித்த தமிழ் கேள்விக்குறி வரிசையாக மாறிய பிறகு அதை மீட்க வழியே கிடையாது. ஒராக்கிள் போன்ற தரவுத்தளங்களில் புலத்தின் நீளம் இயல்பாகப் பைட்டில் எண்ணப்படுவதையும் கவனியுங்கள்.

தேடலில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொடிகாமம் என்ற ஊர்ப்பெயரின் ‘கொ’வை, ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீட்டுப் புள்ளியிலும் எழுதலாம், ககரம், கொம்பு, கால் என்று மூன்று குறியீட்டுப் புள்ளியிலும் எழுதலாம், விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. உள்ளே வரும் ஒவ்வொரு சரத்தையும் யூனிகோட்டின் சீராக்க வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்காவிட்டால், பதிவேட்டில் இருக்கும் கொடிகாமத்தைத் தேடுபவருக்கு அது இல்லையென்று பதில் வரும். வரிசைப்படுத்தலையும் வெறும் குறியீட்டு எண்ணிடம் விடாதீர்கள். யூனிகோட் அட்டவணையில் ன ந-வுக்கு அடுத்தும், ஜ ச-வுக்கு அடுத்தும் நிற்கின்றன, அது அரிச்சுவடி வரிசையன்று. பழைய ஆவணங்களிலிருந்து தரவை ஏற்றுகிறவர்கள் பழைய பாமினி எழுத்துருவை மறக்கக்கூடாது: எங்கள் அலுவலகங்களின் பழைய கோப்புகளில் பல அந்த எழுத்துருவில் இருக்கின்றன, உண்மையில் அங்கே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஏற்றினால் வாசிக்க முடியாத குப்பையே திரையில் வரும்.

சான்றிதழ்களும் பற்றுச்சீட்டுகளும் தனிக் கவனத்துக்குரியவை, ஏனெனில் மக்கள் கையில் எடுத்துச்செல்வது அவற்றைத்தான். உலாவி தமிழ் எழுத்துகளைத் தானே சரியாக அடுக்கிவிடுவதால் திரையில் எல்லாம் நன்றாக இருக்கும். சேவையகத்தில் பி.டி.எஃப். ஆக்கும் நூலகங்களில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) சிலவற்றுக்கு அந்த அடுக்கும் திறன் இல்லை. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பும் இரட்டைக் கொம்பும் சேமித்த ஒழுங்கிலேயே பின்னால் வந்து நிற்கும். கொழும்பு என்ற சொல்கூடச் சிதைந்துவிடும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தடுக்குப் பொறியைப் பயன்படுத்தும் நூலகத்தைத் தெரிவுசெய்து, நோட்டோ தமிழ் போன்ற எழுத்துருவைச் சேவையகத்திலேயே நிறுவி, ஆவணத்துக்குள் பதித்து அனுப்புங்கள். எழுத்துரு நிறுவப்படாத சேவையகம் தமிழுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக அச்சிடும். நூலகத்தைப் பின்னர் மாற்றுவது பெரும் வேலை என்பதால், இந்தச் சோதனை திட்டத்தின் முதல் மாதத்திலேயே நடக்க வேண்டும்.

எண் வடிவத்திலும் பயன்படுத்தும் சொற்களிலும் ‘இலங்கைத் தமிழ்’ என்று குறித்தே வேலை செய்யுங்கள். நாட்டைக் குறிக்காமல் தமிழ் என்று மட்டும் கொடுத்தால் பல நூலகங்கள் இந்தியாவையே கொள்ளும்; ஒன்றரை இலட்சத்தை 1,50,000 என்று பிரிக்கும், இங்கு நாம் 150,000 என்று எழுதுகிறோம். பிரதேச செயலகம், கிராம அலுவலர், காணி உறுதி என்று இங்குள்ளவர் அறிந்த சொற்களுக்குப் பதிலாகப் பொறி மொழிபெயர்ப்புத் தரும் தமிழகத்து நிர்வாகச் சொற்கள் வந்தால், அவற்றில் குறையேதும் இல்லாதபோதும் எங்கள் மக்களுக்கு அவை எந்த அலுவலகத்தையும் சுட்டுவதில்லை. அரசகரும மொழிகள் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தின் எச்.டி.எம்.எல். தொடக்கத்தில் மொழிக்குறியைச் சரியாக இடுங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் எந்த மொழிக்குரலில் வாசிப்பதென்பதை அதைக்கொண்டே தீர்மானிக்கிறது.

செயலி வெளியான பிறகு நடப்பதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் தமிழ் அதிகம் தேய்வது அப்போதுதான். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கோப்பு முறையில் மொழிபெயர்ப்பு இல்லாத சரத்துக்கு மூல ஆங்கிலமே காட்டப்படும். பக்கம் உடைவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. ஒரு நிரலாளர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட, புதுப்பிக்கும் கருவி பழைய தமிழை ‘ஐயத்துக்குரியது’ என்று குறித்து வைத்துவிடும், அப்படிக் குறிக்கப்பட்டவை தொகுப்பில் இயல்பாகச் சேர்வதில்லை. இப்படி ஒவ்வொரு வெளியீட்டிலும் சில வரிகள் ஆங்கிலத்துக்குத் திரும்பி, ஓரிரு ஆண்டுகளில் பக்கம் பாதி பாதியாகிவிடுகிறது. இதைத் தடுப்பது எளிது. தமிழிலோ சிங்களத்திலோ ஒரு சரமேனும் விடுபட்டிருந்தால் வெளியீட்டை நிறுத்தும் சோதனையை, வெளியீட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனைத் தொடரில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பொத்தான் உடைந்திருந்தால் வெளியீட்டை நிறுத்துகிறீர்கள் அல்லவா, தமிழிலும் அதே அளவு கண்டிப்பைக் கேட்கிறேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு வெறும் சொற்பட்டியலை விரிதாளில் அனுப்பி ஒரு நாளில் திருப்பக் கேட்பதை நிறுத்துங்கள். அவர் திரையைப் பார்க்க வேண்டும். அந்தச் சொல் பொத்தானா, தலைப்பா, ஒரு புலத்தின் பெயரா என்பது குறிப்பாக அவரிடம் போக வேண்டும், அதற்கான இடம் மொழிபெயர்ப்புக் கோப்பிலேயே உண்டு. முடித்த பின் அவரே செயலியில் ஒரு முறை நடந்து பார்த்துத் திருத்தவும் நேரம் கொடுங்கள், அந்த நேரத்துக்கு ஊதியமும் கொடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி கற்று வெளியேறும் இளையவர்களில் நிரலும் தமிழும் ஒருங்கே அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நண்பரிடம் கேட்கும் உதவியாக இல்லாமல், தொழிலாகவே அவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

பெறுகைப் பிரிவு அலுவலர்களிடம் கேட்பது இது. ‘மும்மொழி வசதி இருத்தல் வேண்டும்’ என்ற ஒற்றை வரி கேள்விப்பத்திரத்தில் இருப்பது போதாது, அதை மொழி மாற்றும் பொத்தானொன்றை வைத்தே நிறைவேற்றிவிடலாம். அதற்குப் பதிலாக ஏற்புச் சோதனையை எழுதுங்கள்: ஆங்கிலம் வாசிக்காத ஒரு தமிழரும், ஆங்கிலம் வாசிக்காத ஒரு சிங்களவரும், தத்தம் மொழியில் தங்கள் பெயரை எழுதிப் பதிவுசெய்து, வேண்டுமென்றே ஒரு புலத்தைப் பிழையாக நிரப்பி, அதற்கு வரும் செய்தியை வாசித்துத் திருத்தி, கட்டணம் செலுத்தி, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் பெற்று, பற்றுச்சீட்டை அச்சிட்டு முடிக்கும் வரை எவரிடமும் எதையும் கேட்க வேண்டியிராமல் இருக்க வேண்டும். அது நிறைவேறும் வரை இறுதிக் கொடுப்பனவை விடுவிக்காதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இதே சோதனையைச் சேருங்கள்.

வரவிருக்கும் கேள்விப்பத்திரம் ஏதாவது வரைவு நிலையில் இருந்தால், அதன் மொழிப் பகுதியை வாசித்துக் குறிப்புத் தரவும், தமிழ்ப் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், நீளமான முகவரிகள் அடங்கிய சோதனைத் தரவைத் தயாரித்துத் தரவும் நானும் இங்குள்ள தொழில் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்